பழுப்புக்கண் ஈயும் சிவப்புக்கண் ஈயும்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் கடைசியில் ஈ அறை என்று ஒன்று இருந்தது. பழ ஈக்களைப் பால் பாட்டில்களில் வளர்த்து, ஒரு மரபணு மாறினால் கண்ணின் நிறம் எப்படி மாறுகிறது, இறக்கை எப்படிச் சுருண்டு போகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவோம். "ஈ ஓட்டறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று என் மாமியார் கேட்பார். அவர் கேட்பது பாதி உண்மை. ஈயை நான் ஓட்டினேன், அதற்குச் சோறு ஆக்கிப் போட்டவள் எங்கள் லேப் உதவியாளர் அன்புக்கரசி.

போத்தனூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். ரவையும் வெல்லமும் கடல்பாசியும் போட்டுக் கூழ் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி, ஆறியதும் பஞ்சு அடைப்பாள். "என்ற ஊட்டுக்காரருக்குக்கூட இத்தன பக்குவமா ஆக்கிப் போட்டதில்லீங்க மேடம்" என்பாள். அந்த ஊட்டுக்காரர், அவள் கணவர் பாலுசாமி, சூலூரில் தறி ஓட்டினார். ஒரே மகன் கதிர், ஐ.டி.ஐ. முடித்தவன்.

வேலைக்கு வந்த சில வருடங்களிலேயே ஈ பிரிக்கவும் பழகிக்கொண்டாள். ஈதர் காட்டி மயக்கி, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி தூரிகையால் ஒதுக்க வேண்டும். சாதாரண ஈக்குச் சிவப்புக் கண். மற்றபடி வெள்ளைக் கண், பழுப்புக் கண், சுருள் இறக்கை, குட்டை இறக்கை என்று தனித்தனி வம்சங்கள் இருந்தன. வேண்டாததை ஸ்பிரிட் ஜாடியில் தட்டிவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவாள். அதற்கு மேல் அந்த ஈக்களைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

1996-இல் கதிர் ரயில்வே பரீட்சை எழுதித் தேறினான். எஞ்சினில் உதவி டிரைவர் வேலை. பாலுசாமி தறிக் குடோன் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். அவர்கள் வம்சத்தில் அரசாங்க வேலைக்குப் போகும் முதல் ஆள். கண் பரிசோதனையெல்லாம் செய்யும் மெடிக்கல் மட்டும்தான் பாக்கி.

அந்த மாதம்தான் நான் வகுப்பில் வெள்ளைக்கண் ஈயைப் பற்றிப் பாடம் எடுத்தேன். "தாத்தாவுக்கு வெள்ளைக் கண். அவர் பெண்களுக்கெல்லாம் சிவப்புக் கண்தான், ஆனால் அந்தக் கோளாறு அவர்களுக்குள்ளே ஒளிந்திருக்கும். அவர்களுடைய ஆண் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மறுபடி வெள்ளைக் கண் வந்துவிடும்" என்று உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் பாட்டில் கழுவும் சத்தம் நின்றுபோனது.

மாணவர்கள் போனதும் அன்புக்கரசி வந்தாள். "ஏனுங்க மேடம், மனுசருக்கும் இப்படித்தானுங்களா?"

"சிலதெல்லாம் இப்படித்தான். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத நிறக்குருடு இருக்கிறதே, அது அச்சு அசல் இந்தக் கணக்குதான்" என்றேன், மதிப்பெண் போட்டுக்கொண்டே.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கப்பன் ஆறுச்சாமிக்குப் பழுத்த மொளகாயும் பச்ச மொளகாயும் ஒண்ணுதானுங்க. தோட்டத்துல பழம் பொறுக்கச் சொன்னா காயையும் சேத்துப் பறிச்சுப்போடுவாரு. வேணும்னே பண்றான்னு தோட்டத்துக்காரரு எல்லார் முன்னாடியும் பேசாத பேச்செல்லாம் பேசுவாரு. எங்கம்மாகூட அவரு குடிச்சுப்போட்டுத்தான் இப்படிப் பண்றாருன்னு நெனச்சிட்டிருந்துச்சுங்க."

அவள் அப்பாவுக்கு இருந்திருந்தால் அவளிடமும் இருக்கிறது. மகன்களில் பாதிப்பேருக்கு வரலாம். இதை எப்படிச் சொன்னாலும் கசக்கும் என்று தெரிந்து, நேராகவே சொன்னேன்.

"எனக்கு இருக்கறது ஒருத்தன்தானுங்க. அதுல எப்படிங்க பாதி?"

"வந்தால் முழுதாக வரும். இல்லாவிட்டால் இல்லவே இல்லை."

அன்றிலிருந்து பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையைப் பெற்றவளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு உளவாளியாகப் பார்க்க ஆரம்பித்தாள். தினமும் ஒரு சேதியோடு வருவாள். தக்காளியை அவன் பார்த்து வாங்காமல் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறான். சட்டை எடுத்தால் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். கிரிக்கெட் ஆடும்போது புல்லில் கிடந்த சிவப்புப் பந்தைக் காணாமல் மிதிக்கப் போனான். "இதெல்லாம் எல்லாப் பையன்களும் செய்வதுதான். நேராகக் கேட்டுவிடேன்" என்று எரிந்து விழுந்தேன்.

"கேட்டுப்போட்டாத் தெரிஞ்சு போயிருமேங்க" என்றாள்.

ஒரு சனிக்கிழமை, டியூப்லைட் மாட்ட வேண்டும் என்று பொய் சொல்லி அவனை ஈ அறைக்கு வரவழைத்தாள். நான் அன்று இல்லை. சிவப்புக்கண் ஈக்களையும் பழுப்புக்கண் ஈக்களையும் கலந்து தட்டில் கொட்டி, "அம்மாளுக்குக் கண்ணு வலிக்குது சாமி, கொஞ்சம் பிரிச்சுக் குடு" என்றிருக்கிறாள். கதிர் மடமடவென்று பிரித்துக் கொடுத்துவிட்டான். ஒன்றுகூடத் தப்பில்லை.

திங்கட்கிழமை துறைக்கே ஜிலேபி வந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஜிலேபியைத் தின்றுகொண்டே, அவள் பழுப்புக்கண் ஈக்களை எடுத்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மிச்சமிருந்த ஈக்களைப் பார்த்ததும் ஜிலேபியைக் கீழே வைத்துவிட்டேன்.

பழுப்புக்கண் ஈ பிறக்கும்போதுதான் பழுப்பு. வயதாக ஆகக் கண் கறுத்துக்கொண்டே போகும். இந்தப் பாட்டிலில் இருந்தவை கிழட்டு ஈக்கள், கண் கன்னங்கரேல் என்றிருந்தது. கறுப்பையும் கறுப்பல்லாததையும் பிரிக்க நிறம் தெரிய வேண்டியதில்லை. நிறக்குருடனும் பிரிப்பான்.

"புது ஈயெல்லாம் பிள்ளைங்க பிராக்டிகலுக்கு வேணுமேன்னு, கழுவப் போற பாட்டில எடுத்துப்போட்டேனுங்க" என்றாள். அந்த அறையில் அவள் எதையும் வீணாக்கியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை, சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த ஜிலேபிப் பொட்டலத்தை மெதுவாக மடித்து வைத்தாள்.

மறுநாள் மாலை கதிர் மறுபடி வந்தான். இந்த முறை அன்புக்கரசி பொய் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. அன்று காலையில் கூட்டிலிருந்து வெளிவந்த ஈக்களைத் தட்டில் கொட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். தூரிகை நகரவில்லை. பிறகு நகர்ந்தது, தயங்கித் தயங்கி. அவன் பிரித்து முடித்த இரண்டு குவியலிலும் சிவப்பும் பழுப்பும் சரிபாதி கலந்து கிடந்தன. அன்புக்கரசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நிமிரவே இல்லை.

"தப்பாப் போச்சுங்களாம்மா?" என்றான் கதிர்.

அவனே மேலே பேசினான். "எனக்கு ஐ.டி.ஐ.லயே தெரியுமுங்க. வயர் கலர் மாத்தி மாட்டிப்போட்டு அடி வாங்கியிருக்கேன். அதுக்கெல்லாம் நீங்க பயப்படாதீங்க. மெடிக்கல்ல கண்ணு பாக்கறதுக்குப் புள்ளி புள்ளியா நம்பர் இருக்கற புத்தகத்தை எல்லாருக்கும் முதல் பக்கத்துல இருந்துதான் காட்டுவாங்களாம். போன தடவை போனவங்க சொல்லிக் குடுத்துட்டாங்க, மனப்பாடம் பண்ணிட்டேன். சிக்னல் மாதிரி விளக்கு காட்டுனாலும் செவப்பு மங்கலாத் தெரியும், பச்சை வெளுப்பாத் தெரியும். அத வெச்சுச் சொல்லிப்போடுவேன். நான் பாஸ் ஆயிருவேனுங்கம்மா."

இத்தனை நாளும் மகன் தோற்றுவிடுவானோ என்று பயந்தவள், அந்த நிமிடத்திலிருந்து அவன் ஜெயித்துவிடுவானோ என்று பயந்தாள். அது முன்னதைவிடப் பெரிய பயம்.

"வாளையாறுப் பக்கம் மழை ஊத்தறப்ப எல்லா சிக்னல் வெளக்கும் மங்கலாத்தான் தெரியும் கண்ணு. அப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்டாள்.

"பக்கத்துல பெரிய டிரைவர் இருப்பாருங்க."

"நாளைக்கு நீதானே பெரிய டிரைவரு?"

அவன் எழுந்தான். "அப்பா ஊரெல்லாம் மிட்டாய் குடுத்துட்டாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போத்தனூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். அதற்கப்புறம் வந்த நாட்களில் வண்டி போகும் ஒவ்வொரு முறையும் அடுப்பை விட்டு எழுந்து பின்வாசலுக்கு வந்து, கடைசிப் பெட்டி போகும்வரை நின்றாளாம். பெட்டி ஜன்னல்களில் குழந்தைகள் கையாட்டும். "ஆட்டாதீங்க, உள்ள போங்கன்னு கத்தோணும்போல இருக்குதுங்க மேடம்" என்றாள். கூழ் அடிப்பிடித்தது. பாட்டில்களில் பஞ்சு அடைக்க மறந்து ஈக்கள் அறையெல்லாம் பறந்தன. கதிரிடம் கெஞ்சினாள், சோறு தின்னாமல் கிடந்தாள். அவன் மசியவில்லை. பாலுசாமியிடம் சொல்லவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மெடிக்கல் அன்று, "கூட வாரீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். ரயில்வே ஆஸ்பத்திரி வராந்தாவில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதிர் எங்களைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

அன்புக்கரசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, வரிசையைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சாருங்க, கதிர்னு ஒரு பையன் வருவானுங்க. அவனுக்குப் புத்தகத்தைப் பின்னாடியிருந்து பொரட்டிக் காட்டுங்க. வெளக்கையும் மங்கலாக்கிக் காட்டுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். யாரோ போட்டிக்காரன் அனுப்பிய ஆள் என்று நினைத்திருப்பார். குரல் கடுமையாக வந்தது. "நீங்க யாரும்மா?"

"அவனோட அம்மாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "பெத்த அம்மாவே வந்து இப்படிச் சொல்றீங்களே" என்றார்.

"அவங்கண்ணுல இருக்கற கோளாறு எங்கிட்ட இருந்து போனதுங்க. குடுத்தவ நானு. நாந்தானுங்க சொல்லோணும்."

நாங்கள் வெளியே வந்தபோது உள்ளேயிருந்து கதிரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மாவைத் தாண்டி உள்ளே போனான்.