சகினாலியின் அட்டையில் நான் எழுதிய எண்

எங்கள் மலையூர் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் அட்டையை எழுதுவது என் வேலை. ஒவ்வொரு நோய்க்கும் புத்தகத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண் இல்லாத அட்டைக்கு மருந்தறையில் மாத்திரை தர மாட்டார்கள்.

சகினாலி தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டியவன். தோலோன் கணவாயில் பனி கொட்டினாலும் ஆளைப் பத்திரமாக இறக்கிவிடுவான் என்று பேர். பிள்ளைத்தாய்ச்சிகள் அவன் வேன் வரட்டும் என்று காத்திருப்பார்கள். அம்மா செத்த மாதம் தூக்கம் கெட்டு எங்களிடம் வந்தான்.

"அம்மா கூப்பிடுறாங்க அக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

டாக்டர் தெமிர்குல் மாத்திரையை எழுதினார். எண்ணை எழுதாமல் சாப்பிடப் போய்விட்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். தாயைப் பறிகொடுத்தவனுக்கு என்ன எண் என்று தேட எனக்குப் பொறுமையில்லை. குரல் கேட்கிறது என்றானே, எஃப் இருபது என்று எழுதினேன். மனச்சிதைவு. டாக்டர் வந்து பாராமலே கையெழுத்துப் போட்டார்.

பத்தே நாளில் சகினாலி நன்றாகத் தூங்கினான். அம்மா எப்போதாவது கூப்பிட்டாலும் பழையபடி வேன் ஓட்டினான். மறு வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க எங்களிடம் சான்றிதழ் கேட்டு வந்தபோதுதான் அந்த எண்ணால் அவன் பேர் நோயாளிப் பதிவேட்டில் ஏறியிருப்பது தெரிந்தது. லைசென்ஸ் போயிற்று. வேனை மச்சான் ஓட்டினான். இவன் பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கினான்.

பேரை நீக்க வருடம் ஒருமுறை டாக்டர்கள் குழு முன்னால் வர வேண்டும்.

"இப்பவும் குரல் கேக்குதா?"

"எப்பவாச்சும் கேக்கும். வியாழக்கிழமை எண்ணெய் காய வச்சு ஏழு ரொட்டி சுட்டுட்டா அம்மா அடங்கிடுவாங்க."

"சரி, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்."

அந்த ரொட்டியைத் துணியில் கட்டி எங்களுக்கும் கொண்டுவருவான். டாக்டர் அதைத் தின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார். செத்தவர்கள் கூப்பிடாத வீடு எங்கள் ஊரில் ஏது? என் புருஷன் கூப்பிட்டால் நானும்தான் சுடுகிறேன். வியாழக்கிழமையானால் டாக்டர் வீட்டிலும் அதே எண்ணெய் வாசனைதான். எங்களுக்கெல்லாம் எண் போட ஆளில்லை.

வேலை போய்விடும் என்று மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. அவன் கொடுத்த ரொட்டியைத் தின்னவும் செய்தேன்.

நான்காம் வருடம் அவனை வராந்தாவில் நிறுத்தினேன். "அந்த எண்ணை டாக்டர் போடலைப்பா, நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன். இன்னைக்குச் சொல்லிடப்போறேன்."

"தெரியும்க்கா. அட்டையில அது உங்க எழுத்துதானே."

"அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கலை?"

"எத்தனையோ பேரைப் பார்த்தவங்க நீங்க. ஏதோ தெரிஞ்சுதானே எழுதியிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

குழு முன்னால் சொன்னேன். டாக்டர் முகம் கறுத்தது. என்னைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆனால் சகினாலியின் பேரை நீக்கினார்கள், லைசென்ஸும் வந்தது. மச்சான் வேன் சாவியை நீட்டினானாம், இவன் வாங்கவில்லையாம். பஸ் நிலையத்துக்கு ஓடிப்போய்க் கேட்டேன்.

"வேணாம்க்கா. பின்னாடி பிள்ளைகுட்டியெல்லாம் உட்கார்ந்திருக்கும். கணவாய்ல அம்மா கூப்பிட்டா என்ன பண்றது?"

"முன்னாடியும் கூப்பிட்டாங்களே, நீ ஓட்டினியே!"

"அப்ப எனக்கு வியாதின்னு தெரியாதுல்ல."

ரொட்டி கட்டிய துணியை அவிழ்த்து ஒன்றை என் கையில் வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போனான்.