என்னை விட்ட காரணம்

போன கிழமை குருக்கள்மடத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்தேன். பாலத்துக்குச் சற்று முன்னால் வாவிச் சேற்று மணம் உள்ளே வந்ததும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டது. பஸ் நிற்கவில்லை. அங்கே இப்போது அட்டை பார்க்கும் ஆமிச் சென்ட்ரி இல்லை, வத்தகப்பழம் விற்கிறார்கள். என் கைக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

சண்டை நடந்த அந்த நாட்களில் அங்கே எல்லோரும் இறங்கி, அட்டையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். நான் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். பின்பையில் எப்போதும் சீப்பு. முடியில் அவ்வளவு அக்கறை; இன்றைக்கு என் தலையைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தையல்கடையில் வேலைசெய்த யோகனும் நானும் ஒன்றாகவே போய்வருவோம். ஒரு காலை எங்கள் இருவரின் அட்டைகளை மட்டும் திருப்பித் தரவில்லை. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தனித்தனி அறைகளில் வைத்தார்கள். கேட்டதையே கேட்டு அடித்தார்கள். அதை விவரிக்க எனக்கு இப்போதும் மனமில்லை. சில நாட்களுக்குப் பிறகு ஒருவர் அட்டையை நீட்டி, "நீ போ" என்றார். பிடித்ததற்கும் காரணம் சொல்லவில்லை, விட்டதற்கும் சொல்லவில்லை. யோகன் வரவில்லை. வரவே இல்லை.

ஊரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பஸ்ஸில் சனம் நெருக்கியடித்து நிற்கும். என் பக்கத்துச் சீட் காலியாகவே வரும். யோகனைக் காட்டிக்கொடுத்துத்தான் நான் வெளியே வந்தேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

டவுனில் படிப்பித்த மேர்சி டீச்சர்தான் ஒருநாள் வந்து பக்கத்தில் இருந்தார். பிறகு தினமும். தன் வகுப்புப் பிள்ளைகளின் குழப்படிகளைச் சொல்லிக்கொண்டே வருவார். என்னோடு இருக்கப் பயமில்லையா என்று கேட்டேன்.

"பயந்தான். அதுக்கெண்டு டவுன் வரைக்கும் நிண்டுகொண்டு போக ஏலுமா?"

பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

நேரே கேட்டது யோகனின் அம்மா மட்டும். நான் வேலைவிட்டு வரும்போது தன் வீட்டு வாசல் படலையடியில் நின்று கூப்பிடுவார்.

"உன்ன விட்டவங்கதானே மனே. அவன ஏன் விடல்ல?"

குரலில் கோபம் இருக்காது, சந்தேகமும் இருக்காது. எனக்குத் தெரிந்திருக்கும் என்று உண்மையிலேயே நம்பினார். "தெரியா மாமி" என்பேன். மறுநாளும் கேட்பார். வருடக்கணக்காகக் கேட்டார். தாங்க முடியாமல், வாவிக்கரையால் சுற்றி வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

மேர்சி டீச்சர் மகளோடு கனடாவுக்குப் போய் அங்கேயே காலமானார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகள் படிக்கிறார்கள். "நீ போ" என்றவர் எங்கே இருக்கிறாரோ, அப்படி ஒருவனை விட்டது அவருக்கு ஞாபகம் இருக்குமோ, தெரியாது. போன மாரிகாலத்தில் யோகனின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

இப்போது நான் ரோட்டாலேயே வீட்டுக்கு வருகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை.