அருவித் தண்ணீரில் ஓடிய மொபெட்

தென்காசியில் பெட்ரோல் பங்க்கைப் பேருந்து கடந்தபோது, அந்த வாடையில் நான் மறுபடி நான்காம் வகுப்புச் சிறுமியானேன்.

மொபெட்டைத் தண்ணீரில் ஓட்டுவதாக அப்பா தெருவுக்கே காட்டிய காலம் அது. ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் எஃகுத் தகடுகள், பேட்டரிக் கம்பிகள், வெண்ணிறக் குமிழிகள். குழாய்த் தண்ணீர் உதவாது, மூலிகைகளைத் தழுவி இறங்கும் குற்றால அருவி நீரே எரியும் என்பார். அதை ஊற்றுவது என் வேலை.

“என் பிள்ளையே அவ கையால ஊத்துதா, பாத்துக்கிடுங்க அண்ணாச்சி,” என்றார் அப்பா ஒருநாள்.

“அப்போ அருவியில குளிக்கிறவன்லாம் பத்திக்கிடணும்லா,” என்று எதிர்வீட்டு அண்ணாச்சி சிரித்தார். வண்டி ஓடியதும் சிரிப்பு நின்றது.

அன்று பாட்டிலை மூடக் குனிந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய கேனும் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாயும் ஒளிந்திருந்தன. எல்லோரும் போனபின் அப்பாவிடம் கேட்டேன்.

“யாருகிட்டயும் சொல்லிராதட்டி. நான் ஊத்துனா நம்ப மாட்டாங்க. நீ ஊத்துனாத்தான் நம்புதாங்க.”

அவர் குரலில் வெட்கம் இல்லை. என்னைப் பாராட்டும் தொனியே இருந்தது. மறுவாரமும் தண்ணீர்ச் செம்பை என்னிடமே நீட்டினார்.

பேருந்திலிருந்து இறங்கியபோது, இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த அப்பா போனில் அழைத்தார். “காய்ச்சல் விட்டுட்டுது ட்டி” என்றார். “சரிப்பா” என்றேன். பிறகு அம்மாவை அழைத்து, உண்மையிலேயே விட்டுவிட்டதா என்று கேட்டேன்.