வேண்டுதல் தாடி

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு மார்பு வரை தாடி. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவராம். போனை முகத்துக்கு நேராகப் பிடிப்பார், பார்ப்பார், சலித்துக்கொண்டு மடியில் கவிழ்ப்பார். மறுபடியும் எடுப்பார்.

"வேண்டுதலாப்பா?"

"ஆமாண்ணா. ஆன்லைன் கேம்ல என் அக்கவுண்டை எவனோ திருடிட்டான். திரும்பக் கெடைச்சா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். பல வருஷம் ஆச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை வரம் கேட்கிற சாமியிடம் இதையா கேட்பது?

"விளையாட்டுக்கா வேண்டுவாங்க?"

"விளையாட்டு போனாப் போவுதுண்ணா. அவன் என் பேர்ல உக்காந்துக்கினு என் சிநேகிதங்களை அசிங்கமாத் திட்டிக்கினு கீறான். நான்தான்னு நெனச்சு ஒருத்தனும் பேசறதில்ல. இப்பத்தான் கேம் கம்பெனிக்காரன் போன்ல மூஞ்சியக் காட்டுன்னான். காட்டினேன். பழைய போட்டோவுல இருக்கறது நீ இல்லன்றான்."

தாடியைப் பிடித்துக் காட்டினார். "இத எடுத்தாத்தான் அக்கவுண்ட் வரும். அக்கவுண்ட் வந்தாத்தான் இத எடுக்கலாம். இன்னா பண்றதுன்னு தெரியாமத்தான் மலைக்குக் கெளம்பிட்டேன், நீயே சொல்லு."

திருடினவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவனிடம் போய் நீ யார் என்று கேட்கிறார்களே! இது எந்த ஊர் நியாயம்?

"முன்னாடியே குடுத்துடுப்பா. பெருமாள் கோச்சுக்க மாட்டார்" என்றேன்.

"அப்பவும் கெடைக்கலன்னா?"

மறுபடியும் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

திருப்பதியில் இறங்கிக் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். அன்று சந்நிதியில், "ஜரகண்டி" என்று தள்ளிவிடும் அந்த ஒரு நொடியில், வீட்டுக்காக நினைத்துப் போனதெல்லாம் மறந்துவிட்டது. "அந்தத் தாடிக்காரன் பேரை அவனுக்கே குடுத்துடு சாமி" என்றுதான் வாயில் வந்தது.