பூப்பாதம்

வலது கால் செருப்பை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் லாரியில் ஏறுவார். அதை இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டு, வெறுங்காலை ஆக்சிலேட்டரின் மேல் வைத்து, விரல்களை ஒருமுறை விரித்து மடக்குவார். அதற்குப் பிறகுதான் சாவி. இடது கால் செருப்பு காலிலேயே கிடக்கும். "அது கிளட்ச் காலு, அதுக்கு என்ன மரியாதை?" என்பார்.

லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் அவர் சோதனை ஓட்டுநர். கான்கிரீட் கட்டிகளை ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வர வேண்டும். "கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்க வீட்டுக்காரர்தான்" என்பாள் மனைவி. வீட்டிலும் அதே பாதம்தான். கதவு சாத்துவது கேட்காது, சமையலறையில் பின்னால் வந்து நிற்பது தெரியாது. திடுக்கிட்டு அந்த அம்மாள் எத்தனை தம்ளரைக் கீழே போட்டிருக்கிறாளோ! 'பூப்பாதம்' என்று பெயர் வைத்தவர் தலைமைப் பொறியாளர். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

புது லாரி வந்தபோது அந்தப் பாதத்துக்கு ஏகப்பட்ட மவுசு. புகையும் குறைய வேண்டும், டீசலும் குறைய வேண்டும்; அப்படி ஒரு கனரக வண்டியை உருவாக்கினால் ஆகிற செலவில் பாதியைத் தருவதாக அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. ஒரு கட்டம் தேறினால்தான் அடுத்த கட்டத்துக்குப் பணம். அரசாங்க அதிகாரி டீசலை அளக்கிற கருவியோடு வந்து பக்கத்தில் உட்காருவார். சாலையில் ஒரு சாதாரண டிரைவர் எப்படி ஓட்டுவாரோ அப்படி ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

இவர் எங்கே அப்படி ஓட்டினார்? மேட்டுக்கு முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொண்டார். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டார். பிரேக்கைத் தொடவே இல்லை. புகை நிஜமாகவே குறைந்திருந்தது. புகைக்குழாய்க்குள் வெள்ளைக் கைக்குட்டையை விட்டுத் துடைத்து எல்லோருக்கும் காட்டினார் பொறியாளர். டீசல் கணக்கைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பொறியாளர் இவரைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, இது இன்ஜின் இல்ல, உங்க காலு!" என்று காதோடு சொன்னார். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் கணக்கைத்தான் பிறகு விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

அதை நம்பி வாங்கியவர்களில் அவருடைய சொந்த மாப்பிள்ளையும் ஒருவர். இரும்புக் கம்பி ஏற்றிப் போகிற லாரிக்காரர். "எங்க மாமா ஓட்டிப் பார்த்த வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று தம்பட்டம் அடித்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டியை விற்றுத்தான் இதை வாங்கினார்.

சொன்ன அளவு டீசலில் வண்டி ஓடவில்லை. மற்றவர்கள் கம்பெனியைத் திட்டினார்கள். மாப்பிள்ளை தன்னையே திட்டிக்கொண்டார். "வண்டியில கோளாறுன்னா மாமா சொல்லியிருக்க மாட்டாரா?" என்பது அவர் கட்சி. மகள் வந்து அழாத குறையாகச் சொன்னாள்: "அப்பா, இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன், எனக்கு ஓட்டவே தெரியலன்னு இடிஞ்சுபோய் உக்காந்திருக்காரு. ஒருநாள் அவர்கூடப் போய்ப் பாருங்கப்பா."

போனார். குறுக்கே சைக்கிள்கள், முதுகில் ஹாரன், "எங்கப்பா வர்றே?" என்று மூச்சு விடாமல் போன் செய்கிற சரக்குக்காரர், நின்று நின்று ஏற வேண்டிய மேம்பாலம். எந்த டிரைவரும் ஓட்டுகிற மாதிரிதான் மாப்பிள்ளையும் ஓட்டினார். தப்பு உங்கள்மேல் இல்லை, என் காலில் இருக்கிறது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. "பழகப் பழக வந்துரும் மாப்ள" என்றார் பாவி மனுஷன்.

சிக்னலில் வண்டி நின்றது. மாப்பிள்ளை குனிந்து, கம்பி விழுந்தாலும் தாங்குகிற தன் கனத்த ஷூவை வலது காலிலிருந்து கழற்றினார். "நீங்க இப்படித்தானே மாமா ஓட்டுவீங்க? இந்தச் சனியன்தான் என்னைக் கெடுத்துருச்சு போல" என்று சிரித்தபடி வெறுங்காலை மிதியில் வைத்தார், புதிதாக ஓட்டப் பழகுகிறவரைப்போல, தயங்கித் தயங்கி. இவருக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே இறங்கிக் கூட்டத்தில் காணாமல் போய்விடலாமா என்று இருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த ஒற்றை ஷூவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒத்த ஷூவை வச்சுக்கிட்டு என்ன மாமா பண்ணப் போறீங்க?"

ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முதல் அந்த வீட்டில் கதவு படார் என்று சாத்துகிற சத்தம் கேட்டது. "என்ன, காலுக்கு வயசாயிடுச்சா?" என்றாள் மனைவி.

அடுத்த கட்டச் சோதனை வந்தது. அதே பாதை, அதே அதிகாரி. இவர் ஏறி உட்கார்ந்ததும் பொறியாளர் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, போன தடவையைவிட ஒரு சொட்டாவது கொறையணும். அரசாங்கம் தர்ற பணம், நம்ம எல்லாரோட சோறு, அத்தனையும் உங்க கால்லதான் இருக்கு." சொல்லிவிட்டு, செருப்பை வாங்கி வைக்கத் தானே கையை நீட்டினார்.

இவர் கையிலிருந்த செருப்பைக் கொடுத்தார். பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து மாப்பிள்ளையின் ஷூவை எடுத்தார்.

"அண்ணே, என்னண்ணே இது?"

அதிகாரி கருவியிலிருந்து தலையைத் தூக்கினார். இவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வலது காலை ஷூவுக்குள் நுழைத்தார். கொஞ்சம் பெரிசு. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். அது போதாதென்று, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.