அரக்கு வயிற்று எறும்பு

கல்யாணமான புதிதில் பெரிய காஞ்சிபுரத்தில், பட்டு நெய்கிற குடும்பம் ஒன்றின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். அந்தத் தெருவில் மற்ற ஆண்கள் மாலையில் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவார்கள். இவர் சட்டைப் பையில் எறும்பு கொண்டு வருவார், ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குழாயில். ஒருமுறை வந்திருந்த என் அம்மா அந்த வாடையை மோந்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் குடிக்கிற பழக்கம் இருக்குதாடி?" என்று என் காதைக் கடித்தாள்.

எனக்குத் தெரிந்த எறும்புகள் மூன்றே மூன்று. கட்டெறும்பு, கடிக்கிற சிவப்பு எறும்பு, கடிக்காத பிள்ளையார் எறும்பு. இதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இரண்டு வேளை முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் கல்லூரியிலிருந்து மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து, "நீயே பாரும்மா" என்றார் என்று நினைக்கிறேன்.

பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. இடுப்பில் முடிச்சு ஒன்றா, இரண்டா? கொடுக்கு உண்டா, இல்லையா? உணர்கொம்பில் எத்தனை கணு? எறும்பை இனம் காண அவர் வைத்திருந்த புத்தகம் இப்படிக் கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கூட்டம் கழிந்துபோய், கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். "எதை வேணா நம்பு, நிறத்தை மட்டும் நம்பாதே" என்பார். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்து வந்தார்.

அப்படியிருக்க, ஒருநாள் அடுப்படிச் சுவரில் பொடி எறும்புச் சாரை ஒன்றைப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன். தலை கறுப்பு. வயிறு அசல் அரக்குச் சிவப்பு. விரலில் வைத்து நசுக்கினால் காறிப்போன தேங்காய் வாசனை. வாசனை முதற்கொண்டு எல்லாம் புத்தகத்தில் இருந்த கருந்தலை எறும்போடு ஒத்துப்போனது, வயிற்றைத் தவிர. புத்தகத்து எறும்புக்கு வயிறு கண்ணாடிபோல் வெளுத்திருக்க வேண்டும். அவர் அடுத்த தெருக்களில் தேடினார், சைக்கிளை மிதித்துக்கொண்டு முசரவாக்கம் தோப்புவரை போய்ப் பார்த்தார். எங்கேயும் வெள்ளை வயிறுதான். எங்கள் வீட்டில் மட்டும் சிவப்பு! நிறத்தை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் அன்றைக்கு நம்பிவிட்டார்.

"இது புது இனமாத்தான் இருக்கணும். கல்கத்தாவுல எறும்பு ஆராய்ச்சி பண்றவர் ஒருத்தர் இருக்கார், அவருக்கு அனுப்பறேன். ஆமான்னு சொல்லிட்டார்னா இதுக்கு உன் பேரைத்தான் வைப்பேன்."

எனக்கு எவ்வளவு ஆசை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மாமியார் வீட்டில் மருமகள், இந்தத் தெருவில் வாத்தியாரம்மா, இவருக்கு "ஏம்மா". பள்ளிக்கூடத்து வருகைப் பதிவோடு என் பெயர் நின்றுபோயிருந்தது. அது உலகத்துப் புத்தகங்களில் ஏறப்போகிறது, எறும்பாகவாவது! கோயிலுக்குப் போனால் பிள்ளை வரம் வேண்டுவதை விட்டுவிட்டு எறும்புக்கு வேண்டிக்கொண்டேன்.

பார்சல் அனுப்ப இருந்த நாள் காலையில் அடுப்படிக்குப் போனேன். சுவரில் அதே சாரை. வயிறு மட்டும் கிளிப்பச்சை.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு வாசலில் முந்தின நாள் பார்த்தது ஞாபகம் வந்தது. தெருவில், தறியில் ஏற்றுகிற பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டார்கள், பச்சைப் பாவு. அதற்கு முன்னால் போட்டதெல்லாம் அரக்கு. ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் கல்கத்தாவில் யாரோ ஒருவர் அந்தக் குழாயைப் பார்த்து இவரைக் கேலி செய்து சிரிப்பதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அவர் வந்தார். குனிந்து பார்த்தார். சாரையின் பின்னாலேயே போனார். அது முற்றத்து மூலையில் ஒரு கொட்டாங்கச்சியில் போய் முடிந்தது. உள்ளே பச்சைக் கஞ்சி. வீட்டுக்கார அம்மா தறிப்பக்கம் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுங்களுக்குத்தான் வெச்சிருக்கேன் சார். மீந்த கஞ்சியில துளி வெல்லம் போட்டு வெச்சிட்டா பாவு நூலாண்ட வராது. எப்பவும் வெச்சிக்கினுதான் இருக்கோம். ஏன் சார், இன்னா ஆச்சு?"

பாவிலிருந்து சாயம் இறங்கின கஞ்சி. குடித்த கஞ்சியின் நிறம் கண்ணாடி வயிற்றில் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் முற்றத்திலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் நிஜமாகவே அழுதேன்.

"ஏம்மா அழுவுற?"

"என் பேரு போச்சே!"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எழுந்து என்னை உள்ளே கூட்டிப்போய், மேசையருகே உட்காரவைத்தார். பச்சை வயிற்று எறும்பு ஒன்றை என்னையே பிடிக்கச் சொல்லிக் குழாயில் போட்டார். கெட்டிக் காகிதத்தில் நகத்தளவு துண்டு வெட்டி, அழியாத கறுப்பு மையில் பொடிப் பொடியாக எழுதினார். மேலே யாரோ எந்தக் காலத்திலோ வைத்த லத்தீன் பெயர். அதன் கீழே காஞ்சிபுரம். அதற்கும் கீழே, சேகரித்தவர் என்ற இடத்தில், என் பெயர். அந்தச் சீட்டையும் எறும்போடு குழாய்க்குள் போட்டார்.

"பிடிச்சவங்க பேரு எறும்பைவிட்டுப் பிரியக் கூடாதும்மா. எங்க போனாலும் கூடவே போகணும். இதுதான் எங்க வழக்கம்" என்றார்.

பார்சல் போகவில்லை. அந்தக் குழாய் என்னோடு எத்தனையோ வீடு மாறி இப்போது என் பீரோவில் இருக்கிறது. ஸ்பிரிட் வற்றினால் நான்தான் ஊற்றுகிறேன். பச்சை எப்போதோ கரைந்துபோய், எறும்பின் வயிறு புத்தகத்தில் சொன்னபடியே வெளுத்திருக்கிறது. அவரும் போய்விட்டார். கடைசி மூச்சுவரை என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டார். அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருக்கிற நாட்களில், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயின் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.