எந்த உவர்?

நெஞ்சுச் சளியோடு என் பத்து மாத மகனைச் சேர்த்திருந்த பிள்ளைகள் வார்ட் புதிதாகத் திருத்திக் கட்டப்பட்டது. வைத்தியர்களுக்கு ஒரு மூலையில் குளிரூட்டிய கண்ணாடி அறை. தாதியருக்கு, எங்கள் பேச்சில் மிஸ்ஸிமாருக்கு, மறு மூலையில் மேசை. பார்க்க நல்ல வடிவு. முன்பு நடுவில் ஒரே நீள மேசையாம், எல்லோரும் அதில்தானாம்.

ஒரு நாள் காலை கண்ணாடிக் கதவு திறந்து டொக்டரின் தலை மட்டும் வெளியே வந்தது.

"மிஸ்ஸி, உவருக்குத் துண்டு வெட்டுங்கோ!"

கதவு மூடிவிட்டது.

துண்டு வெட்டுவதென்றால் வீட்டுக்கு விடுவது. 'உவர்' என்றால் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர்; சின்னப் பிள்ளையையும் செல்லமாக அப்படிச் சொல்வதுண்டு. அந்நேரம் ஒரு மிஸ்ஸி என் மகனின் கட்டிலடியில் நின்றா. மூத்த மிஸ்ஸி பக்கத்துக் கட்டிலில் நின்றா. இருவரும் ஒன்றாக "ஓம் டொக்டர்" என்றார்கள்.

பக்கத்துக் கட்டில் தாய்க்கு ஊர் தொண்டைமானாறு. நானும் அவவும் சிரித்துக்கொண்டே பைகளை அடுக்கினோம். கணவரை ஓட்டோவோடு வரச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் மனம் அடித்துக்கொண்டது. இரவு மகனுக்கு மூச்சு இழுத்ததே? பாலும் பாதிதானே குடித்தான்? டொக்டரிடம் கேட்டால், நாலு எழுத்துப் படித்த திமிர் என்று நினைப்பாரோ? கேளாமல் போய் வீட்டில் ஏதும் ஆகிவிட்டால்? பிள்ளையின் தொப்பியைக் கழற்றினேன், திரும்பவும் போட்டேன். கடைசியில் அவனையும் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"குறை நினைக்காதேங்கோ டொக்டர். இவனுக்கு இன்னும் இழுக்குது. கட்டாயம் போகலாமோ?"

"உவரை ஆர் போகச் சொன்னது? நான் சொன்னது மற்றவரையெல்லோ!"

அதற்குள் மிஸ்ஸிமார் இருவரும் என் பின்னால் வந்துவிட்டார்கள். மூத்தவ விடவில்லை.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருந்து உவர் எண்டால் எந்த உவர் டொக்டர்? நாங்கள் ஆளுக்கொரு உவர் வைச்சிருக்கிறம்!"

டொக்டருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

தொண்டைமானாற்றுப் பிள்ளை வீட்டுக்குப் போனான். நாங்கள் வார்டிலேயே நின்றோம். பின்னேரம் தாதியர் தங்கள் மேசையை வார்டின் நடுவுக்கு இழுத்து வந்தார்கள். டொக்டரும் ஒரு முனையைப் பிடித்தார்.

"கவனம், கையை நசிச்சுப் போடாதேங்கோ. பிறகு ஆர் மருந்து எழுதுறது?" என்றா மூத்த மிஸ்ஸி.

சத்தத்தில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளைகளெல்லாம் எழும்பி அழுதார்கள்.

மறுநாள் காலை டொக்டர் அந்த மேசையில் வந்து இருந்தார். என் மகனுக்குத் துண்டு எழுதப் பேனையை எடுத்தவரிடம் மூத்த மிஸ்ஸி, "இழுப்பு நிண்டிட்டுது. ஆனால் விடியப் பால் வடிவாய்க் குடிக்கேல்லை" என்றா. அவர் பேனையை வைத்தார்.

"அப்ப மத்தியானம் வரைக்கும் பாப்பம்."

நான் கேட்க நினைத்து விழுங்கிக்கொண்டிருந்ததை அவர்களே என் முன்னால் கதைத்து முடித்துவிட்டார்கள். நான் கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் மகன் போத்தலைக் காலியாக்கினான். துண்டு வெட்டினார்கள்.

ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை, நான் கணவரின் கையைச் சுரண்டினேன்.

"இன்னொருக்கா நெஞ்சைப் பாக்கச் சொல்லட்டோ?"

"பேசாமல் இருமப்பா. அவன் நித்திரை."